கருவியா, கூட்டாளியா? செயற்கை நுண்ணறிவோடு வடிவமைத்தல் குறித்த ஒரு பின்மனிதவிய வரலாற்று நோக்கு

முன்னுரை

மனிதன் கருவியைக் கொண்டு பொருள்களை வடிவமைத்தான் என்பது நெடுங்காலமாக நிலவிவரும் கருத்து. செயற்கை நுண்ணறிவு பரவலான பயன்பாட்டுக்கு வந்தபின் இக்கருத்து நெகிழத் தொடங்கியுள்ளது. பொறியைக் கருவி என்னாது கூட்டாளி, துணைவடிவமைப்பாளர், இணையாசிரியர் என்றெல்லாம் சுட்டும் வழக்கு ஆய்வுலகிலும் வணிக உலகிலும் பெருகிவருகின்றது. மனிதனே அனைத்திற்கும் நடுவம் என்னும் எண்ணத்தை மறுபரிசீலனை செய்யும் பின்மனிதவியக் கோட்பாடு இவ்வழக்கிற்குத் துணையாக எடுத்தாளப்படுகின்றது.

ஆயின் பொறியைக் கூட்டாளி எனக் கொண்ட முயற்சிகள் இந்நூற்றாண்டில் தோன்றியவை அல்ல. அவற்றுக்கு எழுபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. அவ்வரலாற்றில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் நிகழ்ந்த சில முயற்சிகளை எடுத்துக்கொண்டு, கூட்டாளி என்னும் பெயர் எவ்விடத்துப் பொருந்தியது, எவ்விடத்துப் பொருந்தாமல் போயிற்று என்பதை இக்கட்டுரை ஆராய முற்படுகின்றது. இறுதிப் பகுதியில் இந்தியப் பதிப்புரிமை வரலாற்றில் எழுந்த ஒரு சிக்கலும், அதனை விளக்கத் தமிழ் இலக்கண மரபின் திணைக்கோட்பாடு எவ்வாறு உதவும் என்பதும் எடுத்துரைக்கப்படும்.

சலிப்படையும் பொறி

இரண்டாம் உலகப் போருக்குப் பின், உயிரினங்களிலும் பொறிகளிலும் கட்டுப்பாடும் செய்தித் தொடர்பும் நிகழும் முறையை ஒருசேர ஆராயும் சைபர்னெட்டிக்ஸ் என்னும் துறை உருவாயிற்று. நார்பர்ட் வீனர் 1948இல் வெளியிட்ட நூல் அத்துறைக்குப் பெயரையும் அடித்தளத்தையும் தந்தது. இத்துறையில் ஈடுபட்ட ஆங்கிலேயரான கார்டன் பாஸ்க் (1928-1996), ராபின் மெக்கின்னன் வுட் என்பாருடன் சேர்ந்து 1953இல் 'மியூசிகலர்' என்னும் பொறியை உருவாக்கினார்.

இசைக்கலைஞர் ஒருவர் வாசிக்க, அவ்வொலியின் சுருதியையும் தாளத்தையும் பிரித்தறிந்து அதற்கேற்ப மேடையில் வண்ண விளக்குகளை இயக்குவது இப்பொறியின் பணி. இவ்வளவில் நின்றிருந்தால் அது மற்றுமொரு மேடைக்கருவியே. ஆனால் பாஸ்க் அதில் ஒரு புதுமையைச் செய்தார். கலைஞர் ஒரே வகை ஒலியையே மீண்டும் மீண்டும் எழுப்பினால் பொறி அதற்கு மறுமொழி தருவதைப் படிப்படியாகக் குறைத்துக்கொள்ளும். பாஸ்க் இதனைப் பொறியின் சலிப்பு என்று குறித்தார். சலிப்புற்ற பொறியை மீண்டும் ஈர்க்க வேண்டுமாயின் கலைஞர் புதியதொன்றை வாசித்தாக வேண்டும். இதனால் விளக்குகள் இசையைப் பின்பற்றியதுபோலவே இசையும் விளக்குகளைப் பின்பற்றலாயிற்று. 1950களில் இங்கிலாந்தின் அரங்குகள் சிலவற்றில் இடம்பெற்ற இப்பொறி வணிக முறையில் வெற்றிபெறவில்லை. எனினும், வடிவம் என்பது ஒருவர் உள்ளத்தில் முன்னரே முழுமை பெற்றுப் பின்னர்ப் பொருளில் ஏற்றப்படுவதன்று, இரு தரப்பின் உரையாடலில் பிறப்பது என்னும் கருத்து இதன்வழிச் செயல்வடிவம் பெற்றது எனலாம்.

1968இல் இலண்டனின் சமகாலக் கலை நிறுவனத்தில் யாஷா ரைக்கார்ட் ஒருங்கிணைத்த கண்காட்சியில் பாஸ்க் இக்கருத்தை மேலும் விரித்தார். 'இயங்குருக்களின் உரையாடல்' எனப் பொருள்படும் அவரது படைப்பில் ஐந்து உருக்கள் மேலிருந்து தொங்கவிடப்பட்டிருந்தன. அவை ஒளியையும் ஒலியையும் கொண்டு தமக்குள் தொடர்பு கொண்டன. பார்வையாளர்கள் கைவிளக்கும் கண்ணாடியும் கொண்டு அவ்வுரையாடலில் தலையிட இயலும். ஆனால் பார்வையாளர் எவரும் இல்லாதபோதும் அவ்வுரையாடல் தொடரும். மனிதர் அங்கே உரையாடலுக்கு அழைக்கப்பட்டவரே அன்றி அதன் நடுவம் அல்லர் என்பது கருதத்தக்கது.

பாஸ்கின் செல்வாக்குக் கட்டடக்கலையிலும் படர்ந்தது. செட்ரிக் பிரைஸ் என்னும் கட்டடக்கலைஞர் 1976க்கும் 1979க்கும் இடையில் அமெரிக்காவின் புளோரிடாப் பகுதியில் அமைக்கத் திட்டமிட்ட 'ஜெனரேட்டர்' இதற்குச் சான்று. பன்னிரண்டு அடிக் கனசதுரக் கூறுகளைப் பாரந்தூக்கி கொண்டு இடம் மாற்றி, வேண்டியவாறு அமைத்துக்கொள்ளத்தக்க கட்டடத் தொகுதி அது. அதற்கான கணினி நிரல்களை ஜான் பிரேசர், ஜூலியா பிரேசர் ஆகிய இருவரும் வகுத்தனர். அங்குத் தங்குவோர் நெடுநாள் எம்மாற்றத்தையும் வேண்டாதிருந்தால் கணினி சலிப்புற்றுத் தானாகவே புதிய அமைப்பைப் பரிந்துரைக்கும் என்பது அவர்கள் கொண்ட ஏற்பாடு. இக்கட்டடம் கட்டப்படவில்லை. ஆயினும் மேடைவிளக்கில் தோன்றிய சலிப்பு கால் நூற்றாண்டுக்குப் பின் கட்டடத்திற்கும் உரியதாயிற்று என்பது இங்கு அறியத்தக்கது.

ஒளிபுகும் பேழையில் பாலைநில எலிகள்

இதே காலப்பகுதியில் அமெரிக்காவின் மாசாசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் நிக்கோலஸ் நெக்ரோபான்டே 1967இல் 'கட்டடக்கலைப் பொறிக் குழு' என்னும் ஆய்வுக் குழுவைத் தொடங்கினார். வடிவமைப்பாளரும் பொறியும் ஒருவரையொருவர் அறிந்து வளரும் நட்புறவு அவரது குறிக்கோளாக இருந்தது. 1970இல் வெளிவந்த 'கட்டடக்கலைப் பொறி' என்னும் நூலை, அவ்வாறு காணிக்கை செய்வதன் பொருளை உணரவல்ல முதல் பொறிக்கு அவர் காணிக்கையாக்கியுள்ளார். பொறியை நூலுக்குரிய வாசகராகவே எதிர்நோக்கிய மனநிலையை இது காட்டுகின்றது.

அதே 1970ஆம் ஆண்டு நியூயார்க்கிலுள்ள யூத அருங்காட்சியகத்தில் ஜாக் பர்னம் 'சாப்ட்வேர்' என்னும் பெயரில் அமைத்த கண்காட்சியில் இக்குழு 'சீக்' என்னும் படைப்பை வைத்தது. ஒளிபுகும் பெரிய பேழையொன்றில் இரண்டு அங்குல அளவுள்ள ஏறத்தாழ ஐந்நூறு கனசதுரக் கட்டைகள் அடுக்கப்பட்டன. அவற்றிடையே ஜெர்பில் எனப்படும் சிறிய பாலைநில எலிகள் விடப்பட்டன. மேலே கணினியால் இயங்கும் கை ஒன்று மின்காந்தத்தால் கட்டைகளைத் தூக்கி வைத்தது. கட்டைகள் இருக்குமிடத்தைக் கணினி தன் நினைவகத்தில் வைத்திருந்தது. எலிகள் ஓடியாடுகையில் கட்டைகள் இடம் பெயர்ந்தன. சிறிதளவே விலகிய கட்டையைக் கணினி பழைய இடத்திற்கே திருப்பியது. பெரிதும் விலகிய கட்டையைப் புதிய இடத்திலேயே ஒழுங்குபடுத்தி வைத்தது. பெரும் விலகலை எலிகளின் விருப்பமாகக் கொண்டு அதற்கேற்பப் பொறி தன் திட்டத்தைத் திருத்துகின்றது என்பது இதன் உட்கருத்து.

மனிதர், விலங்கு, பொறி ஆகிய மூன்றும் ஒன்றுசேர்ந்து ஓர் ஊரை வடிவமைக்கின்றன என்று இதனைப் போற்றலாம். அவ்வாறு போற்றுவோரும் உளர். ஆனால் நிகழ்ந்தது வேறு. கண்காட்சியில் கணினிகள் பலமுறை பழுதுற்றன. எலிகள் ஒன்றையொன்று தாக்கிக்கொண்டதாக அக்காலக் கலை விமரிசனம் குறை கூறிற்று. தொழில்நுட்பக் குறைகளை நீக்கிவிட்டு நோக்கினும் சிக்கல் ஒன்று எஞ்சி நிற்கின்றது. எலிகள் கட்டைகளைத் தள்ளியது விருப்பத்தாலா, அச்சத்தாலா, நெருக்கத்தாலா என்பதைப் பொறி அறியாது. கட்டை விலகிய தொலைவு ஒன்றே அதற்குத் தெரியும். அத்தொலைவே விருப்பம் எனப் பெயர் பெற்றது. எலிகள் அப்பேழையை விட்டு வெளியேற இயலாதவை. மறுக்க இயலாதவரைப் பங்காளி என்று அழைப்பது பொருந்துமா என்னும் வினா இங்கு எழுகின்றது.

பாஸ்கின் மேடையோடு ஒப்பிடின் வேறுபாடு தெளிவாகும். மியூசிகலரில் கலைஞர் வாசிப்பதை நிறுத்தலாம். பொறியும் மறுமொழி தருவதை நிறுத்தலாம். இரு தரப்பிற்கும் மறுக்கும் வழி இருந்தது. சீக்கில் அவ்வழி எலிகளுக்கு இல்லை. உயிரினங்களை வடிவமைப்பில் சேர்த்துக்கொண்டதாலேயே ஒரு படைப்பு மனிதமையவாதத்தைக் கடந்துவிடாது என்பதற்குச் சீக் தக்க சான்றாகும்.

நகற்பொறியின் முன் இருவர்

பொறிக்கு எட்டுவது எது, எட்டாதது எது என்னும் இவ்வினாவை முறைப்படி ஆராய்ந்தவர் லூசி சச்மன் என்னும் மானிடவியலறிஞர். கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோவிலிருந்த செராக்ஸ் ஆய்வு மையத்தில் பணியாற்றிய அவர், பயன்படுத்துவோருக்கு அறிவுரை வழங்கும் மென்பொருள் பொருத்திய நகற்பொறி ஒன்றை ஆய்வுக்கு எடுத்துக்கொண்டார். முதன்முறையாக அதனைக் கையாள்வோரை இருவர் இருவராக அதன்முன் நிறுத்தி, அவர்கள் பேசியதையும் செய்ததையும் படக்கருவியில் பதிவு செய்தார். அவ்வாய்வு 1987இல் 'திட்டங்களும் சூழல்வயச் செயல்களும்' எனப் பொருள்படும் நூலாக வெளிவந்தது.

சச்மன் தம் பதிவுகளை நான்கு பத்திகளாகப் பகுத்தார். பயன்படுத்துவோர் செய்தவற்றுள் பொறிக்குத் தெரியாதவை முதற்பத்தி, பொறிக்குத் தெரிந்தவை இரண்டாம் பத்தி. பொறி செய்தவற்றுள் பயன்படுத்துவோருக்குப் புலனானவை மூன்றாம் பத்தி, அவற்றின் பின்னிருந்த வடிவமைப்பு நோக்கம் நான்காம் பத்தி. இவ்வாறு பகுத்தபோது முதற்பத்தி நிறைந்தும் இரண்டாம் பத்தி மெலிந்தும் இருந்தன. இருவரும் ஐயுற்றதும், கலந்து பேசியதும், தவற்றை உணர்ந்ததும் முதற்பத்தியில் அடங்கின. பொறிக்கு எட்டியவை பொத்தானை அழுத்தியது, மூடியைத் திறந்தது போன்ற சிலவே.

இப்பகுப்பு முறை எளியது எனினும் அதன் பயன் பெரிது. பொறியோடு நிகழும் எக்கூட்டுச் செயலையும் இதுகொண்டு அளந்தறியலாம். சீக்கிற்கு இதனைப் பொருத்தினால் எலிகளின் அச்சமும் களைப்பும் முதற்பத்தியில் விழும். கட்டை விலகிய தொலைவு மட்டும் இரண்டாம் பத்தியில் நிற்கும்.

பின்மனிதவியமும் வடிவமைப்பும்

மேற்கண்ட முயற்சிகள் நிகழ்ந்த காலத்திலேயே மெய்யியலிலும் மனிதனது நடுநிலை வினாவுக்குள்ளாயிற்று. மனிதன் என்னும் கருத்தாக்கம் அண்மைக்காலத்தில் தோன்றியது, மறையவும் கூடியது என்று மிஷெல் பூக்கோ 1966இல் எழுதினார். பின்மனிதவியப் பண்பாடு என்னும் தொடரை இஹாப் ஹசன் 1977இல் வெளியான தம் கட்டுரையில் எடுத்தாண்டார். மனிதர், விலங்கு, பொறி ஆகியவற்றிடையேயான எல்லைகள் நிலையானவை அல்ல என்பதை டோனா ஹாராவே 1985இல் வெளியிட்ட கட்டுரையில் வலியுறுத்தினார். காத்தரின் ஹேல்ஸ் 1999இல் வெளியிட்ட நூலில் சைபர்னெட்டிக்ஸின் வரலாற்றை ஆராய்ந்து, அறிவு உடலிலிருந்து பிரிக்கத்தக்க வெறுந்தகவல் என்னும் எண்ணம் அத்துறைக்குள் எவ்வாறு நுழைந்தது என்பதைக் காட்டினார். மனிதனைக் கடப்பது வேறு, உடலை மறப்பது வேறு என்னும் அவரது எச்சரிக்கை இன்றும் பொருத்தமுடையதாக உள்ளது.

வடிவமைப்புத் துறை இதற்கு நேர்மாறான திசையில் சென்றுகொண்டிருந்தது. 1980களில் டொனால்டு நார்மன் முதலியோர் பயனர்மைய வடிவமைப்பை முன்வைத்தனர். 1999இல் மனிதமைய வடிவமைப்புக்கெனப் பன்னாட்டுத் தர நிர்ணய நெறியே வகுக்கப்பட்டது. பொறிக்கேற்ப மனிதர் வளைந்துகொடுத்த நிலையை மாற்றி, மனிதருக்கேற்பப் பொறியை அமைக்கச் செய்தது இவ்வியக்கத்தின் நற்பயன். ஆனால் பயனர் ஒருவரையே மனிதராகக் கருதியமை அதன் குறை. பொருளைச் செய்த தொழிலாளர், அது கழிவாகிச் சேரும் நிலத்தில் வாழ்வோர், பிற உயிரினங்கள் ஆகியோர் அக்கணக்கில் இடம்பெறவில்லை. 2010களின் பிற்பகுதியிலிருந்து லாரா போர்லானோ, எலிசா ஜக்கார்டி, ரான் வக்கரி முதலிய ஆய்வாளர்கள் பின்மனிதவியத்தை வடிவமைப்புத் துறைக்குள் கொணர்ந்தது இக்குறையை நோக்கியே என்பது அவர்தம் எழுத்துக்களால் புலனாகின்றது.

எனவே செயற்கை நுண்ணறிவுக்குப் பெருமை சேர்ப்பது பின்மனிதவிய வடிவமைப்பின் உட்கிடை அன்று. கணக்கில் விடுபட்டோரைக் கணக்கில் சேர்ப்பதே அதன் உட்கிடை. இவ்வேறுபாடு இன்றைய சூழலில் பெரிதும் மறக்கப்படுகின்றது. 2009இல் அறிமுகமான 'இமேஜ்நெட்' என்னும் படத்தொகுதி கணினிப் பார்வை ஆய்வின் வளர்ச்சிக்கு அடிப்படையாயிற்று. அதிலுள்ள படங்களை இனங்கண்டு பெயரிட்டவர்கள் 167 நாடுகளைச் சேர்ந்த ஏறத்தாழ 49,000 பேர். அமேசான் நிறுவனத்தின் 'மெக்கானிக்கல் டர்க்' என்னும் தளத்தின் வழியாகச் சிறு கூலிக்கு இப்பணி செய்யப்பட்டது. அத்தளத்தில் அமெரிக்கருக்கு அடுத்த பெருந்தொகுதியினர் இந்தியர். தளத்தின் பெயரே 1770இல் ஐரோப்பாவில் காட்டப்பட்ட சதுரங்கப் பொறியொன்றிலிருந்து பெறப்பட்டது. தானே ஆடுவதுபோல் தோன்றிய அப்பொறியினுள் உண்மையில் மனிதர் ஒருவர் மறைந்திருந்தார். 2022இல் வெளியான 'லயான்' தொகுதியில் இணையத்தில் எடுக்கப்பட்ட 585 கோடிப் படங்களுக்கான சுட்டிகளும் விளக்கங்களும் இடம்பெற்றன. அப்படங்களை வரைந்தோரிடமும் எடுத்தோரிடமும் இசைவு கேட்கப்படவில்லை. பொறி வரைந்தது என்று நாம் வியக்கும் ஓவியத்தின் பின்னே இத்தனை பேர் இருக்கின்றனர். சச்மனின் முதற்பத்தியில் இடம்பெற வேண்டியவர்கள் இவர்களே.

ஆசிரியர் யார் என்னும் வினாவும் திணைக்கோட்பாடும்

பொறி கூட்டாளியா என்னும் வினா இந்தியாவில் சட்டச் சிக்கலாகவும் எழுந்தது. 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1994இல் திருத்தப்பட்டபோது, கணினியால் உருவாக்கப்படும் படைப்புக்கு அதனை உருவாகச் செய்த ஆளே ஆசிரியர் என விதி சேர்க்கப்பட்டது. இந்நிலையில் 2020ஆம் ஆண்டு, 'சூர்யாஸ்த்' என்னும் ஓவியத்திற்கு மனிதர் ஒருவருடன் 'ராகவ்' என்னும் செயற்கை நுண்ணறிவு மென்பொருளும் இணையாசிரியராகப் பதிவு செய்யப்பட்டது. மறு ஆண்டே பதிப்புரிமை அலுவலகம் அப்பதிவைத் திரும்பப் பெறுவது குறித்து அறிவிப்பு அனுப்பியது. அதே ஓவியத்திற்குப் பதிவு வழங்க அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் 2023இல் மறுத்தது. மற்றொரு வழக்கில், மனித ஆசிரியர் இன்றிப் பதிப்புரிமை இல்லை என்று கொலம்பியா வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 2025 மார்ச்சில் உறுதி செய்தது.

இச்செய்தியைத் தமிழில் எழுத முற்படுவோர் ஓரிடத்தில் தயங்கி நிற்க நேரும். ராகவ் வரைந்தான் என்பதா, வரைந்தது என்பதா? ஆங்கிலத்தில் வினைமுற்று இவ்வேறுபாட்டைக் காட்டுவதில்லை. தமிழில் முடிவெடுக்காமல் தொடரை முடிக்க இயலாது.

தமிழ் இலக்கணிகள் இவ்வகைச் சிக்கலை நன்கு அறிந்திருந்தனர். இரு திணைக்கும் பொதுவாய் வரும் பெயர்களை விரவுப்பெயர் என்று தொல்காப்பியம் வகுக்கின்றது. சாத்தன் என்பது ஆளின் பெயராகவும் இருக்கலாம், எருதின் பெயராகவும் இருக்கலாம். வந்தான் என்றால் உயர்திணை, வந்தது என்றால் அஃறிணை. திணையை உறுதி செய்வது பெயர் அன்று, அதனொடு இயையும் வினையே என்பது இதனால் பெறப்படும். ராகவ் என்னும் ஆட்பெயரைச் சூட்டியதனால் மென்பொருள் ஆசிரியராகிவிடாது. ஆசிரியருக்குரிய வினை, அதாவது பொறுப்பேற்றல், உரிமை கோரல், மறுத்தல் ஆகியன அதனிடத்து உண்டா என்பதே வினா.

மற்றொன்றும் நோக்கத்தக்கது. உவப்பு, உயர்வு, சிறப்பு, சினம், இழிவு ஆகிய காரணங்களால் திணை மயங்கி வருவதை நன்னூல் வழுவமைதியாக ஏற்கின்றது. பசுவை அம்மை என்று உவந்து அழைத்தல் அதற்கு உரையாசிரியர் காட்டும் எடுத்துக்காட்டு. பொறியைக் கூட்டாளி என்றல் இத்தகைய உவப்பின்பாற்பட்ட வழுவமைதியே எனலாம். அது குற்றமன்று. ஆனால் வழுவமைதிக்குக் காரணம் கூறப்படல் வேண்டும். காரணமின்றி அதனை இயல்பு வழக்காக்கின் மறுதலையான வழுவும் உடன் நிகழ்ந்துவிடும். பொறி உயர்திணைக்கு ஏற, படங்களுக்குப் பெயரிட்ட ஆயிரக்கணக்கான மனிதர் தரவு என்னும் அஃறிணைப் பெயருள் ஒடுங்குகின்றனர். சினமோ இழிவுக் கருத்தோ கூட இன்றி, மறதி ஒன்றினாலேயே இது நிகழ்கின்றது.

இதனால் தொல்காப்பியம் பின்மனிதவியத்தை முன்னரே கூறிவிட்டது என்று கொள்ளல் பொருந்தாது. மக்களை உயர்திணையாகவும் ஏனைய அனைத்தையும் அஃறிணையாகவும் பகுத்த நூல் அது. மரபியலில் ஓரறிவு முதல் ஆறறிவு ஈறாக உயிர்களைப் படிநிலையில் வைத்ததும் அந்நூலே. பிளவும் படிநிலையும் ஒருங்கே நிற்கும் இம்மரபு இன்றைய சிக்கலுக்கு விடை தருவதன்று. வினாவைக் கூர்மையாகக் கேட்க அது உதவுகின்றது என்ற அளவில் கொள்வதே தகும்.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வினால் பின்வருவன அறியப்படுகின்றன. பொறியைக் கூட்டாளியாகக் கருதும் வடிவமைப்பு 1950களிலேயே தொடங்கியது. மியூசிகலர் போன்ற முயற்சிகளில் அக்கருத்து வெற்றி பெற்றமைக்கு, இரு தரப்பும் கேட்கவும் மறுக்கவும் இயன்றமையே காரணம். சீக்கில் அது தோல்வியுற்றமைக்குப் பொறியின் பழுது மட்டும் காரணமன்று, மறுக்க இயலாத உயிர்களின் தவிப்பு விருப்பமாகப் படிக்கப்பட்டமையும் காரணமாகும். சச்மனின் பகுப்பு முறை, பொறிக்கு எட்டாதனவற்றைக் கண்ணுக்குப் புலனாக்கும் வழியை வழங்கியது.

இன்று கூட்டாளி என்னும் சொல் விளம்பரங்களில்கூட எளிதாகக் கையாளப்படுகின்றது. ஒரு வடிவமைப்பில் யார் மறுக்க முடிந்தது, யாருடைய உழைப்பு பெயரின்றிப் போயிற்று, தவறு நேர்ந்தால் யார் விடை கூறுவர் என்னும் மூன்று வினாக்களுக்கு விடை கிடைத்த பின்னரே அச்சொல்லை வழங்குதல் முறையாகும். 1970இல் அப்பேழைக்கு வெளியே நின்று கண்டோருக்கு எலிகள் கண்ணெதிரே இருந்தன. இன்றைய பொறிகளில் பேழை ஒளிபுகாதது. அதனுள் இருப்போரைத் தேடிக் கண்டு கணக்கில் சேர்ப்பதே பின்மனிதவிய வடிவமைப்பு ஏற்கத்தக்க முதற்பணி எனலாம்.